416-ஆம் அறையிலிருந்து பங்களாவுக்கு

ஜனவரி 8, வெள்ளி

நல்ல வெயில். விடியற்காலை இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து ஆமி பஸ், ஜன்னல் திறக்கத் தடை. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று முன் சீட்டுப் பெண் கேட்டாள். "நல்ல இடத்துக்குத்தான்" என்றார் ஆமிக்காரர், சிங்களத்தில். பொய் சொல்லவில்லை. கடலோரம் ஐந்து நட்சத்திர ஹோட்டல். முதலில் பெட்டிகளுக்கு மருந்தடித்தார்கள், அப்புறம் எங்களுக்கு.

அறை 416. நாலாம் மாடி, கடல் பக்கம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பதினான்கு நாள் உள்ளே கிடந்துவிட்டுத்தான் ஊருக்குப் போகலாம். இருவருக்கு ஓர் அறை. என்னோடு குசும் அக்கா, குருநாகல் ஆள். குவைத்தில் வீட்டு வேலை, ஒன்பது வருஷம். எனக்கு அதே ஊர், அதே வேலை, நாலு வருஷம். அங்கே ஒருவரையொருவர் கண்டதில்லை. இங்கே கட்டிலுக்குக் கட்டில் கை எட்டும்.

கதவின் பின்னால் ஒட்டியிருப்பது:
– கதவைத் திறந்துவைத்து நிற்கக் கூடாது
– சாப்பாடு வெளியே நாற்காலியில் வைக்கப்படும்
– பால்கனியிலிருந்து பக்கத்து அறையோடு பேசக் கூடாது
– நீங்கள் தங்கும் நாட்கள் இனிதாக அமைய வாழ்த்துகள் (பழைய தாள். கிழிக்க மறந்துவிட்டார்கள்)

மேசையில் எழுதும் தாள், பேனா. இதுதான் அது. தாளின் தலையில் ஹோட்டல் பெயர் தங்க நிறத்தில். அதை மடித்துவிட்டு எழுதுகிறேன்.

கேத்தல் இருக்கிறது. தேயிலைப் பைகளும். உறையில் ஒருத்தி கொழுந்து பறிக்கிறாள். பட்டுச்சேலை, காதில் ஜிமிக்கி, அட்டை கடிக்காத கால். சிரிப்பு வேறு. எந்தத் தோட்டம் அம்மா உனக்கு? போட்டுக் குடித்தேன். தூள் மட்டம்.

மகள் கௌசிக்குப் போன். இங்கே வைபை இருக்கிறது, முகம் பார்த்துப் பேசலாம். இருவரும் அழுதோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள். "ஒங்க பின்னாடி இருக்கே அந்தத் தலகாணி, அது எங்க மெத்தையவிட பெருசும்மா." அப்புறம் தொண்டையைச் செருமினாள். அவள் செருமினால் ஏதோ இருக்கிறது. நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

ஜனவரி 9, சனி

மூக்கில் குச்சி விட்டுச் சோதனை. கு. அக்கா அரபியில் திட்டினாள். சோதித்த பையனுக்குப் புரியவில்லை, நன்றி என்றான்.

கௌசி சொன்ன விஷயம். கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாளே, டீச்சர் படிப்புக்கு. நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வர ஆரம்பித்துவிட்டது. தலவாக்கலை டவுனில் இருக்கும் அவள் சிநேகிதிக்கு வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு நாள், கடிதத்தில்தான் போட்டிருக்கும். இந்த மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கௌசிக்கு வரவேண்டிய கடிதம் தோட்டத்து ஆபீசுக்குள்தான் இருக்க வேண்டும்.

எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் வயிறு எரிந்தே போவேன். எங்களுக்கு முகவரி கிடையாது. பெயர், தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான். தபால்காரர் நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு வரமாட்டார். ஆபீசில் பையோடு போட்டுவிட்டுப் போவார். பெரிய கிளாக்கர் பிரிப்பார், அவருக்கு நேரம் இருந்தால். காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பார், அவருக்கு நினைவு இருந்தால். அன்றைக்கு நீ பெரட்டுக்குப் போயிருந்தால் உன் கடிதம் உனக்கு. இருநூறு குடும்பத்துக்கு ஒரு பை.

இப்போது கிளாக்கருக்குக் கொரோனா. ஜனவரி இரண்டாம் தேதி ஆபீசைப் பூட்டிக் கதவில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. பை உள்ளே. கௌசி மூன்று தடவை போயிருக்கிறாள். வாட்சர், "தொரை சொன்னாத்தான் தொறப்பேன்" என்றாராம். துரை என்றால் தோட்டத்து மேனேஜர்.

"காலேஜுக்குப் போன் பண்ணுனியா?"

"பண்ணுனேம்மா. எடுக்க மாட்டேங்கிறாங்க. கடுதாசி இல்லாம கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்களாம், டவுன் சிநேகிதி சொன்னா."

நாலு வருஷம் யார் வீட்டுக் குளியலறையையோ தேய்த்தது இதற்குத்தான். இவள் பெரட்டுக் களத்தில் நிற்கக் கூடாது என்பதற்கு. வேறு ஒரு காரணமும் இல்லை.

ஜனவரி 10, ஞாயிறு

காலையில் பால்கனி. எல்லோரும் கடலைப் பார்த்து ஏன் இப்படி உருகுகிறார்கள் என்று தெரியவில்லை. வருகிறது, போகிறது. நல்லதண்ணியில் சிவனொளிபாத மலைக்குக் கூட்டம் ஏறும் நாளில் இதைவிடச் சத்தம்.

காலைச் சாப்பாடு: பாண், ஜாம், முட்டை, ஒரு துண்டு அன்னாசி. முட்டையைக் காகம் கொண்டுபோனது. கு. அக்கா தன்னுடையதில் பாதி தந்தாள்.

முருகேசு அண்ணனோடு பேசினேன். கௌசி இருப்பது அண்ணன் வீட்டில்தான், ஏழாம் நம்பர் லயம். தொழிலாளிகள் துரையை நேரில் பார்த்துக் குறை சொல்ல வாரத்தில் ஒரு நாள் உண்டு, லேபர் டே. அன்றைக்குப் போய்க் கேட்டால் என்ன என்றேன். லேபர் டேயும் நிறுத்தமாம், கொரோனாவாம்.

"ஆபீசுக்குள்ள யாருமே போறதில்லையா?"

பக்கத்திலிருந்து கௌசி: "தொரை பின்பக்கத்துக் கதவால போய்ட்டு வந்துகிட்டுத்தான் இருக்காரும்மா. சம்பளம் போடுற செக்ரோல் எடுக்க."

"சத்தம் போடாத புள்ள" என்றார் அண்ணன். என்னிடம், "நீ வா, வந்து பேசிக்குவோம்" என்றார். நான் போய்ச் சேர்ந்து, வீட்டிலும் அடைந்து கிடந்துவிட்டு வெளியே வருவதற்குள் மாதம் முடிந்துவிடும். அண்ணன் நல்லவர். நல்லவர் என்பதே அவரிடம் எனக்கு ஆகாதது.

பையைக் கொட்டித் தேடினேன். பாஸ்போர்ட் எடுக்கும்போது தோட்டம் தந்த வதிவிடக் கடிதம். மேலே இரண்டு டெலிபோன் நம்பர். ஒன்று ஆபீஸ். ஒன்று துரை பங்களா.

என் போனில் இந்த ஊர் சிம் இல்லை. பங்களா டெலிபோனுக்கு வைபையில் பேச முடியாது. கட்டிலுக்கு நடுவில் இருக்கும் ஹோட்டல் போன், வெள்ளை நிறம், பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜனவரி 11, திங்கள்

மழைத் தூறல். பல் தேய்த்து, தலை சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டேன். போனில் தெரியப்போவதில்லை. ஆனாலும்.

துரை எப்போது பங்களாவில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். பதினேழு வருஷம் அந்த மலையில் கொழுந்து பறித்தவள். காலைப் பெரட்டு பார்த்து, மலை சுற்றி, ஒன்பதுக்கு மேல் சாப்பிட வருவார்.

9.20. பூஜ்ஜியத்தை அமுக்கினேன். ரிசப்ஷன் பெண், பெயர் டில்ருக்ஷி. நம்பர் சொன்னேன். தயங்கினாள். தனிமைப்படுத்தலில் இருப்பவர்களுக்கு வெளி அழைப்பு கொடுப்பதில்லையாம். எங்கே எழுதியிருக்கிறது, கதவில் ஒட்டிய தாளை நான் முழுக்க வாசித்துவிட்டேன் என்றேன். சிரித்துவிட்டாள். "இருங்க மேடம்."

அவள் இணைத்த விதம்! இங்கிலீஷில், ஹோட்டல் பெயரை முழுதாகச் சொல்லி, எங்கள் விருந்தினர் மேடம் ஒருவர் பேச விரும்புகிறார் என்றாள். துரையே வந்தார். இப்போது பங்களாவில் பாதியை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள், அதற்கென்று நினைத்துவிட்டார். வணக்கம் மேடம், எப்படி இருக்கிறீர்கள் மேடம், கடலிலிருந்து மலைக்கு வரப் பிரியமா, ஜனவரியில் குளிர் அருமையாக இருக்கும் மேடம். தேன் ஒழுகியது. நான் குவைத்து இங்கிலீஷில் யெஸ் சார், யெஸ் சார்.

அப்புறம் தமிழில் சொன்னேன். "தொரை, நான் பாக்கியம். கீழ்ப் பிரிவு, ஏழாம் நம்பர் லயம். முருகேசு தங்கச்சி."

கரண்டி தட்டில் பட்டது கேட்டது.

"நீ எங்கே இருந்து பேசுறே?"

"ஹோட்டல்ல இருந்துதான் தொரை."

"இந்த நம்பர் உனக்கு யார் குடுத்தது?"

"தோட்டம் குடுத்த கடுதாசியில இருக்கு. தொரை, ஒரு நிமிசத்துக்கு முந்தி என்னைய மேடம்னு கூப்பிட்டீங்க. அதே ஆளுதான் பேசுறேன். அதே ரூம்லதான் நிக்கிறேன். அப்படியே பேசுங்க."

இதை நானா சொன்னேன்? நான்தான். கு. அக்காவுக்குத் தமிழ் புரியாது, ஆனால் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். தபால் பை, நேர்முகப் பரீட்சை, தேதி. சுகாதாரக்காரர் நோட்டீஸ், ஆபீசைத் திறக்க முடியாது என்றார். பின்கதவைப் பற்றிச் சொன்னேன். "லேபர் டேக்கு வந்து சொல்லச் சொல்லு" என்றார். லேபர் டே எப்போது என்றேன். "கொரோனா முடிஞ்ச பொறகு" என்று வைத்துவிட்டார்.

உடனே மணி அடித்தது. டில்ருக்ஷி. லைன் அறுந்துவிட்டது மேடம், மறுபடி எடுக்கவா? இன்றைக்குப் போதும், நாளைக்கு என்றேன்.

மத்தியானம் முழுக்கச் சிரிப்பாக வந்தது. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஜனவரி 12, செவ்வாய்

9.20. பங்களா அப்பு எடுத்தார், சமையல் பார்க்கும் வேலு அண்ணன், தெரிந்தவர்தான். "தொரை இல்லைங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு, குரலை இறக்கி, "இருக்காரு தாயி. எடுக்க வேணாங்கிறாரு" என்றார்.

9.45. எடுக்கவில்லை.
10.10. எடுக்கவில்லை.

பன்னிரண்டுக்குக் கௌசி. குரல் செத்துப்போயிருந்தது. காலைப் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் அண்ணனை நிறுத்திவைத்து, தங்கச்சி ஹோட்டலில் இருந்துகொண்டு துரைக்கே உத்தரவு போடுகிறாளா என்று கேட்டிருக்கிறார் துரை. அண்ணன் தலையைக் குனிந்து நின்றிருந்தார். இன்றைக்கு அவரைத் தூரத்து மலைக்குத் தண்ணீர்க் கான் வெட்ட அனுப்பிவிட்டார்கள், தனியாக.

"விட்டுருங்கம்மா. அடுத்த வருசம் போட்டுக்கிறேன்."

"அடுத்த வருசமும் அதே பைக்குள்ளதான் வரும்" என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

தப்பு செய்துவிட்டேனா? இங்கே மெத்தையில் உட்கார்ந்துகொண்டு வாய் பேசுவது எளிது. அடி அங்கே விழுகிறது. இதை யோசித்து யோசித்துச் சாயங்காலம் ஆகிவிட்டது. கு. அக்காவிடம் சொன்னேன். அவள் நகத்தை வெட்டிக்கொண்டே, குவைத்தில் என் பாஸ்போர்ட்டைக் கேட்க நான் ஆறு வருஷம் பயந்தேன், கேட்ட அன்றைக்கே தந்துவிட்டார்கள் என்றாள். இது அதே மாதிரி இல்லை அக்கா என்றேன். "இல்லைதான்" என்றாள்.

ஜனவரி 14, வியாழன்

தைப்பொங்கல். கேத்தலில் பால் பொங்கவைத்தேன். காலைச் சாப்பாட்டோடு வந்த பால் பாக்கெட், மூன்று நாளாகச் சேர்த்தது. பொங்கி மேசையெல்லாம் வழிந்து, பட்டென்று அறையில் கரண்ட் போய்விட்டது. பொங்கலோ பொங்கல் என்று கத்தினேன். பக்கத்து பால்கனியிலிருந்து யாரோ திருப்பிக் கத்தினார்கள், தமிழில். பேசக் கூடாது என்றுதான் விதி, கத்தக் கூடாது என்று இல்லை.

கரண்ட் சரிசெய்ய வந்தவர் விண்வெளிக்காரன் மாதிரி உடுப்பில் வந்தார். பாலைப் பார்த்தார். "ஹாப்பி பொங்கல்" என்றார்.

தோட்டத்தில் இன்று லீவு. லயத்தில் எல்லோரும் இருப்பார்கள். கௌசியிடம், போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போ, எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்கிறேன் என்றேன். முதலில் மாட்டேன் என்றாள். அப்புறம் போனாள்.

பேசிக்கொண்டு போனதில் தெரிந்தது. அந்தப் பை கௌசியுடையது மட்டும் இல்லை.
ராணி – பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், நவம்பரிலேயே அனுப்பிவிட்டார்களாம்.
சரஸ்வதி அக்கா – புருஷனுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்து வரவேண்டிய கடிதம்.
மூன்றாம் லயத்து மேரி – அடையாள அட்டை.
எல்லோரும் தனித்தனியாக வாட்சரிடம் கேட்டுவிட்டுத் தனித்தனியாகத் திரும்பியிருக்கிறார்கள். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

கடைசியாக அண்ணி. என்னோடு பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள். என் மகளை நாலு வருஷம் வளர்த்ததற்கு நான் என்ன அனுப்பினாலும் முகம் கொடுக்காதவள். திரையில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

"என் புருசன நாயி மாதிரி நிக்கவச்சுட்டானுங்க" என்றாள். "நீ போன் பேசுனது போதும். நாளைக்கு நாங்க கொழுந்த நிறுவைக்குக் குடுக்க மாட்டோம்."

ஜனவரி 15, வெள்ளி

கடல் அமைதி. நான் இல்லை.

பகல் நிறுவை பன்னிரண்டு மணிக்கு. பதினொன்றே முக்காலுக்கே கௌசி போனைத் திறந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். படம் இல்லை, சத்தம் மட்டும். பால்கனியில் தரையில் உட்கார்ந்து கேட்டேன். கு. அக்கா பக்கத்தில், புரியாமலே.

காற்று. காகம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக் கொக்கி ஆடும் சத்தம், கிரீச் கிரீச், அதை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை: "ம், வாங்க வாங்க, வெயிலுக்கு முந்தி." யாரும் வரவில்லை.

"என்னாம்மா, ஏன் நிக்கிறீங்க?"

"கை வலிக்குதுங்க" என்று ராணி. சிரிப்பு.

"ஆபீஸ்ல இருக்கிற கடுதாசி பைய குடுங்க. குடுத்தா சாக்கத் தராசுல வைக்கிறோம்." இது அண்ணி.

"அது என் கையில இல்லையே தாயி."

"யாரு கையில இருக்கோ அவுங்கள வரச் சொல்லுங்க. நாங்க நிக்கிறோம்."

நின்றார்கள். சாக்கில் அடைத்த கொழுந்து சூடேறினால் சிவந்துவிடும், அப்புறம் பேக்டரி எடுக்காது. எங்களுக்குத் தெரியும், துரைக்கும் தெரியும். கணக்கப்பிள்ளை யாருக்கோ போன் போடுவது கேட்டது. லொறி டிரைவர் ஹாரன் அடித்தார். இருபது நிமிஷம். என் கால் மரத்துவிட்டது, அசையவில்லை.

மோட்டார் பைக். துரை.

அவர் பேசியது சரியாகக் கேட்கவில்லை, காற்று. "கொரோனா", "சட்டம்", "உங்க நல்லதுக்குத்தான்". அப்புறம் ஓர் ஆண் குரல், மெல்ல. எனக்கு முதலில் யார் என்றே புரியவில்லை. "தொரை, பின்கதவு தொறந்துதான் இருக்கு. நான் போயி எடுத்தாரட்டுமா? கைக்கு மருந்து போட்டுக்கிறேன்." முருகேசு அண்ணன்! வேலையை விட்டுவிட்டு மடுவத்துக்கு வந்திருக்கிறார். நான் நேற்றுவரை எழுதியதெல்லாம் வாபஸ்.

ஒரு மணிக்குப் பை வந்தது. வெளியிலேயே, சாக்கு விரித்துக் கொட்டி, பெயர் வாசித்தார்கள். வாசித்தது கௌசி. ராணிக்கு வந்தது. மேரிக்கு வந்தது. சரஸ்வதி அக்காவுக்கு இல்லை.

அப்புறம் தன் பெயரை வாசித்தாள். உறை கிழிபடும் சத்தம்.

"அம்மா, பதிமூணாந் தேதி."

நேற்று முன்தினம்.

ஜனவரி 16, சனி

எழுத ஒன்றும் இல்லை. சாப்பாட்டை நாற்காலியிலிருந்து எடுக்கவில்லை. கௌசி போன் எடுக்கவில்லை. கேத்தலைக் கடலில் வீசலாமா என்று இருந்தது. கு. அக்கா அதை எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

ஜனவரி 18, திங்கள்

இன்றும் 9.20. டில்ருக்ஷி கேட்கவே இல்லை, நேராக இணைத்தாள். துரை எடுத்தார். நான் கத்துவேன் என்று நினைத்திருப்பார். கத்தவில்லை.

"தொரை, இந்தக் கடுதாசி ரெண்டாந் தேதியில இருந்து பதினஞ்சாந் தேதி வரைக்கும் பூட்டுன ஆபீசுக்குள்ள இருந்துச்சுன்னு எழுதி, தோட்டத்து சீல் வச்சுத் தரணும். புள்ள பிழை இல்லைன்னு எழுதணும். அவ்வளவுதான்."

"எழுதினா அவங்க எடுப்பாங்களா?"

"அது அவுங்க பாடு. எழுதுறது ஒங்க பாடு."

வாட்சரிடம் கொடுத்தனுப்புகிறேன் என்றார். வைக்கும்போது, "சரிங்க" என்றார். ங்க. கு. அக்காவுக்கு இந்த ங்க-வை விளக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அண்ணியிடம் கேட்டேன், சாயங்காலத்துக்குள் வராவிட்டால் என்ன செய்வது என்று. "மடுவம் எங்கயும் போயிறல" என்றாள். மூன்று மணிக்கு வந்துவிட்டது. நாலு வரி. நீல சீல், கொஞ்சம் அழிந்து.

ஜனவரி 19, செவ்வாய்

கௌசி கல்லூரிக்குப் போய்வந்தாள். பஸ் இல்லை, பாதித் தூரம் நடை, பாதி மரக்கறி லொறி. கேட்டிலேயே நிறுத்தி, இரண்டு கடிதத்தையும் உள்ளே எடுத்துப்போய், அரை மணி கழித்து வந்து சொன்னார்களாம்: கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்றைய ஆட்கள் எல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால் பார்ப்போம். மிஞ்சாவிட்டால் இல்லை. உத்தரவாதம் ஒன்றும் கிடையாது.

"காலையில இருந்து நிக்கணுமேம்மா. மழை பேஞ்சாலும் உள்ள விடமாட்டாங்க. மத்தியானத்துக்கு மேல இல்ல, போன்னு சொன்னாலும் சொல்லலாம்."

பாவம் என்று ஆகிவிட்டது எனக்கு. அவ்வளவு நேரம் எப்படி நிற்பாய் என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க வருவீங்க வருவீங்கன்னு நாலு வருசம் நின்னேன்ல. இது ஒரு நாளு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. சிரித்துக்கொண்டே சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நான் அங்கே இருந்த நாளெல்லாம் இவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். இவள் அதைக் கேட்டுக்கொண்டே சின்னப் பிள்ளையிலிருந்து பெரிய மனுஷியாகிவிட்டாள், நான் பார்க்காமல். இனி அந்தப் பேச்சைப் பேசமாட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கும் விடுதலை நாள்.

ஜனவரி 21, வியாழன்

சோதனை: இல்லை என்று வந்துவிட்டது. இருவருக்கும்.

பெட்டி கட்டினேன். எடுத்துக்கொண்டது: சோப்புக் கட்டி நாலு, சீப்பு இரண்டு, இந்தத் தாள் முழுவதும். தேயிலைப் பைகளை அப்படியே வைத்துவிட்டேன். மேசை இழுப்பறையில் ஹோட்டல் ஆட்களின் சுற்றுலாத் தாள் ஒன்று, 'மலைநாட்டு அனுபவம், இரண்டு நாள்': நீர்வீழ்ச்சி, தேயிலைத் தொழிற்சாலை, லயத்தில் தொழிலாளர் குடும்பத்தைச் சந்தித்தல். அதன் ஓரத்தில் எழுதினேன்: வருகிறவர்கள் தபாலையும் கொண்டுவரவும். இழுப்பறையிலேயே வைத்துவிட்டேன்.

ரிசப்ஷனுக்குப் போன் போட்டு டில்ருக்ஷிக்கு நன்றி சொன்னேன், இந்த ஊர் சிம் ஒன்று வாங்கி அனுப்பியதற்கும் சேர்த்து. மகளுக்குக் கிடைத்ததா மேடம் என்றாள். தெரியாது, நாளைக்கு என்றேன். அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

கு. அக்கா இன்றே கிளம்பினாள், குருநாகல் பஸ். கட்டிப்பிடிக்கக் கூடாது என்று வாசலில் ஆமிக்காரர் நின்றார். கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

ஜனவரி 22, வெள்ளி

5.30. பஸ் ஏறினோம். ஹட்டன் வரைக்கும் இது. அங்கிருந்து சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்து வேனில் ஏற்றி, வீட்டிலேயே இன்னும் பதினான்கு நாள் பூட்டுவாராம். கௌசியை அண்ணன் பக்கத்து வீட்டில் தங்கவைத்திருக்கிறார். எனக்கு அறை, அவளுக்கு வாசல். தொடக் கூடாது.

6.10. கௌசி கேட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணியின் சேலை. குடை எடுத்துக்கொண்டாயா என்றேன், ஆம், அதுவும் அண்ணியுடையதுதான், நீலப் பூப்போட்டது. ஹட்டனிலிருந்து தோட்டத்துக்கு வேன் போவது அந்த வழியாகத்தான். ரோட்டோரம்தான் கேட். நில்லு, கண்ணாடி வழியா ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "ரோட்டுப் பக்கந்தான் நிப்பேன்" என்றாள்.

9.00. அவிசாவளை தாண்டி. வாந்தி எடுத்தவர்கள் இருவர்.

10.40. கௌசி: உள்ளே போனவர்கள் ஏழு பேர், போனை அணைத்தால்தான் விடுகிறார்களாம். இன்னும் இருபதுக்கு மேல் இருக்கிறார்களாம்.

11.30. கினிகத்தேனை. காது அடைத்தது. குளிர். ஜன்னலைத் திறந்தேன், ஆமிக்காரர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தேயிலை வாசம், பச்சையாக. அழுதேன், பரவாயில்லை.

12.50. கௌசி: மழை. கல்லூரி வாட்சர், வீட்டுக்குப் போ பிள்ளை, நேரம் இருக்காது என்றாராம். போகமாட்டேன் என்றாளாம். எழுதித் தாருங்கள், போகிறேன் என்றாளாம். யார் சொல்லிக்கொடுத்தது இதை?

1.40. ஹட்டன். பி.எச்.ஐ. வேன். நானும் டிரைவரும் அவரும் மட்டும். நடுவில் பிளாஸ்டிக் தாள். காலேஜ் கேட்டில் ஒரு நிமிஷம் நிப்பாட்டுங்கள் என்றேன்.

"நிப்பாட்ட ஏலாதும்மா. வீட்டுக்கு நேரா."

"இறங்கமாட்டேன். கண்ணாடியத் தொறக்கமாட்டேன். நாலு வருசமாச்சு பாத்து."

"ஏலாது."

விடவில்லை நான். கொட்டகலை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் டிரைவரிடம், "மெதுவாப் போங்க" என்றார். நிற்காது, மெதுவாக. அது போதும்.

2.05. கௌசிக்குப் போன். அணைந்திருக்கிறது.

2.10. கேட் வந்தது. வேன் நடக்கிற வேகம். கண்ணாடியைச் சேலையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மழை. வாட்சர் கூண்டு. கேட்டுக் கம்பியில் ஒரு குடை மாட்டித் தொங்குகிறது, நீலப் பூப்போட்டது, அண்ணியின் குடை. ஆள் இல்லை. ரோட்டின் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன்.

பி.எச்.ஐ. திரும்பிப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ. "ஆளக் காணலையே. சரி, ஒரு நிமிசம் நிப்பாட்டுவமா?"

"வேணாங்க" என்றேன். "நிப்பாட்டாதீங்க. போங்க. புள்ள உள்ள இருக்கு."